கச்சேரி நடுவில் தம்புரா ஏன் அறுபடுகிறது?

கேள்வி: ரிட்டையர்மென்ட் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, விலை உயர்ந்த நெட்வொர்க் மியூசிக் பிளேயர் (ஹார்ட் டிஸ்கில் உள்ள பாட்டை வீட்டு நெட்வொர்க் வழியே எடுத்துப் பாடும் பெட்டி) வாங்கினேன். கையில் 400 சிடி இருக்கிறது, பாதி கர்நாடகக் கச்சேரி, மீதி பழைய சினிமாப் பாட்டு. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றியாயிற்று. ஆனால் வைஃபையில் பாட்டு திக்கித் திக்கி வருகிறது. ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் ஒரு விநாடி மௌனம் வேறு. மகன், "போனிலேயே எல்லாம் இருக்கே, இது எதுக்குப்பா?" என்கிறான். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஏமாறவில்லை ஐயா. ஸ்காட்லாந்தின் லின் என்ற ஆடியோ கம்பெனி 2007இல் இந்த வகைப் பிளேயரைக் கொண்டுவந்தது, 2009 முடிவில் சிடி பிளேயர் செய்வதையே நிறுத்திவிட்டது. அத்தனை நம்பிக்கை அவர்களுக்கு இதன்மேல்.

திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சுவர்தான். ரவுட்டர் முன்கூடத்திலும் பிளேயர் உள்ளறையிலும் இருந்து, நடுவே பழைய காலத்துக் கனமான செங்கல் சுவர் நின்றால் வைஃபை தடுமாறும். சிடி தரத்துக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் போதும், அது பெரிய பாரமே இல்லை, ஆனால் இடைவிடாமல் வர வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை கவலையில்லை.

அந்த ஒரு விநாடி மௌனம்தான் என்னையும் வெகுநாள் வாட்டியது. காட்பாடியில் என் வீட்டில் ஒரு கல்யாணி ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்தேன், பாடகர் நிறுத்தி மூச்சு வாங்குகிறார், பின்னால் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டென்று அதுவும் அறுந்து, மறுபடி ஒட்டுகிறது. பாட்டு ஒன்றும் போகவில்லை, ஆனால் சபாவிலிருந்து யாரோ வெளியே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. எம்பி3 ஆக ஏற்றியிருந்தால் அந்த ஃபார்மட்டே ஒவ்வொரு டிராக்கின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். நான் செய்த தப்பு அதுதான். ஃபிளாக் (FLAC) என்ற ஃபார்மட்டில் அந்தத் தொல்லை இல்லை, சிடியில் உள்ளது துளி குறையாமல் வரும், 400 சிடியும் ஏறக்குறைய 150 ஜிபியில் அடங்கிவிடும். ஏற்கெனவே ஃபிளாக்தான் என்றால், பிளேயரிலும் அதை இயக்கும் ஆப்பிலும் 'கேப்லெஸ்' (டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி) இருக்கிறதா, அதைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்த டிராக் எது என்று பிளேயருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் தம்புரா தொடர்ந்து ஓடும்.

அப்புறம், பெயர் எழுதும் வேலை. நம் சிடிகளில் பலவற்றை இணையத் தகவல்தளங்களுக்கு அடையாளமே தெரியாது, 'டிராக் 01' என்று நிற்கும். தியாகராஜரை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதி வைத்திருப்பார்கள், ஒரே மனிதர் நாலு பேராகிவிடுவார். நான் வைத்துக்கொண்ட வழக்கம்: சினிமாவுக்கு ஆல்பம் என்றால் படம், ஆர்டிஸ்ட் என்றால் பாடியவர், கம்போசர் இசையமைப்பாளர். கச்சேரிக்குப் பாட்டின் பெயரோடு ராகமும் தாளமும். ஒரு நாளைக்கு நாலு சிடி போதும். முடித்த பிறகு 'மோகனம்' என்று தேடிப் பாருங்கள், உங்கள் வீட்டிலுள்ள மோகனம் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். அந்தச் சுகத்துக்குத்தான் இந்தப் பெட்டி.

நம் ஊர் வெயிலைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இந்தப் பிளேயர்களில் பலவற்றுக்கு ஃபேன் கிடையாது, மேல்கூடுதான் சூட்டை வெளியே விடுகிறது. கண்ணாடி ஷோகேஸில் பூட்டவோ மேலே துணி போடவோ வேண்டாம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மற்றதில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரலாம். ஹார்ட் டிஸ்குக்கு இன்னொரு நகல் எடுத்து மகன் வீட்டில் வையுங்கள். ஒரு மே மாதம் கரண்ட் போய் வந்தபோது என் டிஸ்க் செத்து, மூன்று மாத உழைப்பு போயிற்று.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு, போனிலும் இன்று நல்ல தரம் கிடைக்கிறது. ஆனால் புளூடூத் வழியே போகும்போது பெரும்பாலும் சுருங்கித்தான் போகும், உங்களிடமுள்ள கச்சேரி எல்லாம் அங்கே இருக்கும் என்பதும் இல்லை. கேபிள் இழுத்த பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஆலாபனையைப் போடுங்கள்.

கேள்வி: பத்தாயிரம் ரூபாய் லேன் கேபிள் போட்டால் சத்தம் இன்னும் இனிமையாகுமாமே?
– வாசகர், ஆரணி

பதில்: வேண்டாம். கேபிளில் போவது எண்கள், வழியில் சிதைந்தாலும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் சாதாரண கேட் 6 போதும். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.