மண்டபத்தில் மட்டும் பிசிறடிக்கும் நாகசுரம்

வணக்கம் தம்பி. வீட்டில் கணீரென்று ஒலிக்கும் நாகசுரம், பினாங்கு கல்யாண மண்டபக் குளிர்சாதனத்தில் பிசிறடிப்பதாக எழுதியிருந்தீர்கள். குழலின்மேல் பழிபோடாதீர்கள், வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளிதான் காய்ந்துவிடுகிறது. கோலாலம்பூரில் நானும் இப்படி மானம் போய் நின்றிருக்கிறேன்.

ஊதும்போது சீவாளியின் இரண்டு நாணல் இதழ்களும் நொடிக்குச் சில நூறு முறை மூடித் திறக்கின்றன. ஈரம் இருந்தால்தான் சீராக ஒட்டிப் பிரியும். காய்ந்தால் விறைத்துக் கோணும். ஓரத்தில் காற்று கசியும், நாதம் உடையும்.

சீவாளியை எச்சிலில் நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே அதன் வாயைப் பாருங்கள். பாதி மூடிய கண்போல, இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் விரலால் இதமாக அழுத்துங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது மாற்ற நேரமிருக்காது. குழலில் தொங்கும் மாற்றுச் சீவாளிக் கொத்தில் இரண்டையாவது முன்பே நனைத்து வையுங்கள்.