பேடில் ஷிஃப்டரை இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடுமா?

"டர்போ ஆட்டோமேட்டிக் கார் எடுத்திருக்கிறேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற பேடிலை இழுத்து நாமே கியர் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகாது. இதை உங்களுக்குச் சொன்னவர் அநேகமாக ஒரு மாமாவாகத்தான் இருப்பார். எனக்கும் ஒருவர் இருக்கிறார்.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். "இதெல்லாம் ஒரு பெர்ஃபார்மன்ஸ் காரா" என்று போர்ஷே ஆட்கள் கமெண்டில் வருவார்கள். வரட்டும், தர்மபுரி ரோட்டுக்கு இதுவே அதிகம்.

சேலத்தில் ஒரு விசேஷம், மாமா முன்சீட்டில். பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறக்கம் ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் இரட்டைப் பாலத்துக்கிட்ட முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறும். பேப்பரில் படித்துப் படித்து மரத்தே போய்விட்டது.

டி-யில், அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் டிரைவ் நிலையில் விட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் கியர்பாக்ஸ் மைலேஜ் பார்த்து மேல் கியருக்கு ஓடிவிடும். அப்புறம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டியதுதான். நான் இடது பேடிலை ஒவ்வொன்றாகத் தட்டி மூன்றாவது கியருக்குக் கொண்டுவந்தேன். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) முள் மூவாயிரத்தைத் தாண்டியது, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்தது.

"என்னப்பா இந்தக் கத்து கத்துது? பெட்ரோலைக் குடிச்சிடப் போவுது!"

"குடிக்காது மாமா. கியர்ல இருக்கும்போது கால எடுத்துட்டா பெட்ரோல் விடறதையே நிறுத்திடும். நியூட்ரல்ல விட்டாதான் இன்ஜின் அணையாம இருக்கக் குடிக்கும்."

நம்பவில்லை. கீழே தொப்பூர் வரை மேல் கைப்பிடியை விடவே இல்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பேடில் ஒன்றும் கியரை நேராகப் பிடித்து மாற்றுவதில்லை, கம்ப்யூட்டரிடம் "மாத்திக் குடு" என்று கேட்கிறது, அவ்வளவுதான். ஆர்பிஎம் மீட்டரில் எல்லையைக் காட்டும் சிவப்பைத் தாண்டும் என்றால் கீழ் கியர் தராது. மேலே சிவப்பைத் தொட்டால் நீங்கள் சும்மா இருந்தாலும் அதுவே மாற்றிக்கொள்ளும். டிஎஸ்ஜியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் ஏற்கெனவே கோத்துத் தயாராக இருக்கும், கிளட்ச் கை மாறுவதோடு வேலை முடிந்தது. உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) என்றால் உள்வேலை வேறு, ஆனாலும் பயம் வேண்டாம்.

பெட்டியைக் கொல்வது வேறு. என்னுடையது போன்ற உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) பெட்டியை ஓசூர் டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும், ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே நிறுத்தி வைப்பதும்தான் கிளட்சைச் சூடாக்கும். அதை யாரும் கேட்பதில்லை, பேடிலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

"கையால் மாத்தறதுக்கு மேனுவலே வாங்கியிருக்கலாமே?" என்று கேட்பவர்களுக்கு: வாரா வாரம் பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கிற இடது கால் என்னுடையது. எனக்கு மாற்றும் உரிமை வேண்டும், கட்டாயம் வேண்டாம். நான் யாருக்கும் ரேஸ் ஓட்டச் சொல்லித் தரவில்லை. சமதளத்தில், ஊருக்குள் நானும் டி-யில்தான் போகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "கத்துது, கெட்டுடும்" என்ற அதே மாமாதான், போன முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியைக் கேட்டு வாங்கிப் போனார். பானெட் முழுக்கப் பூச்சரம், அதை ஒட்டியது பழுப்பு நிறப் பார்சல் டேப்பில். ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி, பசை காய்ந்து பெயின்ட்டோடு பிடித்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் "நல்ல காரியத்துக்குத்தானப்பா" என்கிறார். அந்தப் பசையைப் பெயின்ட் போகாமல் எடுக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.