நகரத்தைக் கலைத்தால் நரகம்: எழுத்து மாற்று விளையாட்டைத் தமிழில் நடத்துவது எப்படி?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரே எழுத்துகளை இடம் மாற்றி இரண்டு சொற்கள் அமைக்கும் விளையாட்டை ஆங்கில வகுப்பில் நடத்துகிறார்கள். அதைத் தமிழில் முயன்றேன். இணையத்தில் உள்ள எழுத்துக் கலைப்புக் கருவியில் சொல்லைப் போட்டால் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாக வந்து விழுகின்றன. ‘கோலம் – லோகம்’ சரியா, தவறா என்று மாணவர்களுக்குள் சண்டையும் வந்துவிட்டது. எந்தச் சொற்களை எடுக்கலாம்? எப்படி நடத்தலாம்?

பதில்: அந்தச் சண்டையில் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எதை ஓர் எழுத்தாகக் கொள்வது என்று முன்கூட்டியே சொல்லாததுதான் குழப்பத்துக்குக் காரணம். தமிழில் இந்த விளையாட்டை இரண்டு விதமாக ஆடலாம். ஒன்றோடொன்றைக் கலக்கக் கூடாது.

முதல் வகையில் உயிர்மெய்யைப் பிரிக்காமல் அப்படியே நகர்த்த வேண்டும். ‘நகரம்’ என்பதில் ந, க, ர, ம் என்று 4 எழுத்துகள். இடம் மாற்றினால் ‘நரகம்’. இந்த வகையில் சொற்கள் குறைவு. காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. அதனால் ‘ம்’ பெரும்பாலும் கடைசியிலேயே நின்றுவிடும். ‘நகரம்’ என்பதில் ‘ம்’ அசையாமல் நின்றால் மிச்சம் 3 எழுத்துகளுக்கு 6 வரிசைகள்தான். அவற்றில் பொருள் தருபவை இரண்டு.

வகுப்புக்குப் போதுமான 10 இணைகள்: ரசம் – சரம், ரதம் – தரம், ரகம் – கரம், சதம் – தசம், தவம் – வதம், நகரம் – நரகம், மருதம் – தருமம், அகதி – அதிக, அரசு – அசுர, விசிறி – சிவிறி. கடைசி இணைக்குத் தனிச் சிறப்பு உண்டு. சிவிறி என்பதற்கு விசிறி என்றே பொருள் உண்டு. நீர் வீசும் கருவிக்கும் அது பெயர். இப்படி எழுத்து முன்பின்னாக மாறுவதை இலக்கணமே பேசுகிறது. தசை – சதை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். விளையாட்டிலிருந்து இலக்கணத்துக்குப் போக இதைவிட நல்ல வழி கிடைக்காது.

இரண்டாம் வகையில் உயிர்மெய்யைப் பிரித்து ஒலிகளை நகர்த்த வேண்டும். கோலம் என்பது க் + ஓ + ல் + அ + ம். லோகம் என்பதிலும் அதே ஐந்துதான். ஒலிக்கணக்கில் அது சரி, எழுத்துக்கணக்கில் தவறு. தேசம் – சேதம், கோபம் – போகம், பாசம் – சாபம், ராகம் – காரம், தாகம் – காதம், சபை – பசை, திசை – சிதை, கவலை – கலவை எல்லாம் இந்த வகை. பாலம் – லாபம் என்ற இணையைக் கட்டாயம் சேருங்கள். ப், ஆ, ல், அ, ம் என்ற ஐந்து அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். யாராவது ஒருவர் ‘ஆம்பல்’ என்று கண்டுபிடிப்பார். அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

எந்த வகையானாலும் ந, ன, ண மூன்றும் வேறு வேறு எழுத்துகள். ‘நாதம் – தானம்’ காதுக்குப் பொருந்தும், ஆனால் தவறு. ‘கால்வாய் – வாய்க்கால்’ என்பதிலும் இடையில் ஒரு ‘க்’ கூடுதலாக வந்துவிடுகிறது.

அட்டைகளைக் கையால் எழுதுவதே நல்லது. கணினிக்கு ‘நகரம்’ 5 குறிகள். மெய்யின் புள்ளியைத் தனியாக எண்ணும். எக்செல்லில் எழுத்துகளை எண்ணும் லென் (LEN) சூத்திரம் போட்டால் 5 என்றுதான் வரும். உங்கள் கருவி கொம்பைப் பிய்த்துப் போட்டதும் இதனால்தான்.

40 பேர் உள்ள வகுப்பு என்றால் நால்வர் கொண்ட 10 குழுக்கள். மேலே சொன்ன 10 இணைகளுக்கு, இணைக்கு ஓர் உறை. மொத்தம் 32 அட்டைகள் போதும். இரண்டு சொல்லுக்கும் அதே அட்டைகள்தானே. 5 செ.மீ. சதுரமாக வெட்டி, அடிப்பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். இல்லையென்றால் அட்டையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு திணறுவார்கள். உறைக்கு 2 நிமிடம்; மணி அடித்ததும் உறை அடுத்த குழுவுக்குப் போக வேண்டும். 20 நிமிடத்தில் சுற்று முடிந்துவிடும். சொல்லுக்கு 1 மதிப்பெண், அதை வைத்து எழுதும் வாக்கியத்துக்கு 2. வாக்கியம் கேட்காவிட்டால் பொருள் தெரியாமலே அட்டையை அடுக்கிவிட்டுப் போவார்கள். அப்புறம் இது தமிழ் வகுப்பாக இருக்காது.

ஒரு சிக்கலுக்குத் தயாராக இருங்கள். ரதம், ரசம் போன்றவற்றை ‘இரதம்’, ‘இரசம்’ என்று எழுதப் பழகிய மாணவர்கள் ‘இ அட்டை எங்கே?’ என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது சரிதான். ‘இந்த விளையாட்டில் ரகரம் முதலில் வரலாம்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சண்டை தீர்க்க ஒரே ஓர் அகராதியை மேசையில் வையுங்கள், அதுவும் சின்ன அகராதியாக. பேரகராதியை வைத்தால் யாரும் கேள்விப்படாத சொல்லெல்லாம் சரியாகிவிடும்.

வினாடி வினாவுக்கோ குறுக்கெழுத்துக்கோ குறிப்பு எழுதும்போது, எழுத்து இடம் மாறுகிறது என்பதைக் காட்டும் ஒரு சொல் அதில் இருக்க வேண்டும்: கலைந்து, கலங்கி, சிதறி, புரண்டு. ‘கலங்கிய ரசம் கூந்தலில் தொங்கும் (3)’ என்றால் விடை சரம். ரசம் கலங்குவது இயல்பு என்பதால் குறிப்பு தன்னை ஒளித்துக்கொள்கிறது. ‘கோலம் கலைந்தால் உலகம் (3)’ என்பது கேட்க அதைவிட அழகு. ஆனால் குறுக்கெழுத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதால் அந்தக் குறிப்பு முறையல்ல. ஒலி விளையாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம், நான்காம் வகுப்புக்கு இதைக் கொண்டுபோவதானால் வதம், நரகம் உள்ள உறைகளை எடுத்துவிடலாம். ஒலி விளையாட்டை அங்கே தொட வேண்டாம். க் + ஓ = கோ என்று தயங்காமல் சொல்லும் பழக்கம் வந்த பிறகு தொடங்கலாம்.