டாலி லைசென்ஸ் வேறு, உங்கள் கணக்கு வேறு

கேள்வி: பல்லடம் பக்கம் தறிக்குடோன் வைத்திருக்கிறேனுங்க, கூலிக்கு நெசவு. போன வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பட்டனை அமுக்கினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. 2013 முதலான கணக்கு முழுக்க அதிலுள்ள டாலி ஈஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருளில்தான். ‘போர்டு போச்சு, விண்டோஸ் புதுசாப் போடணும், டேட்டா எடுக்க 15,000 ஆகும்’ என்கிறார் சர்வீஸ்காரர். டாலி விற்றவரோ, ‘லைசென்ஸ் மிஷினோட போயிருச்சு, புதுசு வாங்கினாத்தான் கணக்கைத் திறக்க முடியும்’ என்கிறார். 2021-22க்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கிறது. கணக்குப்பிள்ளையிடம் ஒரு பென்டிரைவ் உண்டு. அதிலுள்ள ஃபைலைக் கிளிக் செய்தால் திறக்கவில்லை. என்ன செய்யலாமுங்க?

பதில்: இரண்டு பேருக்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபேனே சுற்றவில்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ் (மிஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போயிருக்கும், இல்லையென்றால் மதர்போர்டு. தறிக்குடோனில் இது சகஜம். பஞ்சு பறந்து எஸ்எம்பிஎஸ் ஃபேனில் அடைத்துக்கொள்ளும், சூடேறும், ஒருநாள் அடங்கிவிடும். கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்கில். அது தனிப் பாகம், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த டிஸ்கில் யாரையும் விண்டோஸ் ஏற்ற விடாதீர்கள். மிஷின் கெட்டும் தப்பிய கணக்கை, அவசரப்பட்டு ஃபார்மேட் அடித்து இழந்தவர்கள் உண்டு.

உங்கள் கண்முன்னே டிஸ்கைக் கழற்றச் சொல்லி, கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டும் யுஎஸ்பி–சாட்டா கேபிள் கடையில் கிடைக்கும். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிள்தான் வேண்டும். வெறும் யுஎஸ்பி கரண்டில் அது ஓடாது. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் ‘கன்டினியூ’ கொடுக்கலாம். ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் ‘கேன்சல்’. டிஸ்க் டிக்டிக்கென்று தட்டினால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள். டேட்டா ரெக்கவரி லேபுக்குக் காசு கொடுக்க வேண்டிய நிலை அதுதான்.

அடுத்து, கணக்கு எங்கே என்று பார்க்க வேண்டும். வழக்கமாக, பழைய மிஷினில் சி டிரைவாக இருந்த பகுதியில் (இப்போது வேறு எழுத்தில் தெரியும்) யூசர்ஸ், பப்ளிக், டாலி.ஈஆர்பி9, டேட்டா என்று உள்ளே போனால் 10000, 10001 என எண் பெயரிட்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. அங்கே இல்லையென்றால் டாலி ஃபோல்டரிலுள்ள டாலி.ஐஎன்ஐ ஃபைலை நோட்பேடில் திறந்து ‘டேட்டா=’ என்று தொடங்கும் வரியைப் படியுங்கள், இடம் தெரிந்துவிடும். அப்படியும் குழப்பமென்றால் டிஸ்க் முழுக்க .900 என்று முடியும் ஃபைல்களைத் தேடி, கடைசித் தேதி எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதைப் பிடியுங்கள். ஃபைல்களைத் தனித்தனியாகப் பொறுக்காமல் டேட்டா ஃபோல்டரை அப்படியே இரண்டு இடங்களில் காப்பி எடுங்கள். இனி எல்லா வேலையும் காப்பியில்தான்.

லைசென்ஸ் விஷயத்தில் உங்களிடம் சொன்னது சுத்தப் பொய். டேட்டா லைசென்ஸோடு கட்டப்பட்டதல்ல. டாலியை எஜுகேஷனல் மோடில் (லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கும் முறை) போட்டாலே பழைய கணக்கு திறக்கும், பார்க்கலாம். புது வவுச்சரை (வரவு செலவுப் பதிவை) மட்டும் 1, 2, 31 தேதிகளில்தான் போட முடியும். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸும் போகவில்லை. அதே சீரியல் நம்பரைப் புது மிஷினில் மறுபடி ஆக்டிவேட் செய்யலாம். சிக்கல் வேறிடத்தில் வரும். பதிவு செய்தபோது உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் விற்றவர் தன்னுடையதைக் கொடுத்திருப்பார். ஓடிபி அவருக்குத்தான் போகும், பிடி அவர் கையில். முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

காப்பியைத் திறக்க, டாலியில் ஆல்ட்+எஃப்3 அமுக்கி, கம்பெனி தேர்வில் காப்பி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். ஈஆர்பி 9-க்கு அடுத்து வந்த புது டாலிபிரைம் டேட்டாவைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். அப்புறம் அது ஈஆர்பி 9-இல் திறக்காது. இரண்டாவது காப்பி அதற்காகத்தான். ‘மெமரி ஆக்சஸ் வயலேஷன்’ என்று நின்றால் ஈஆர்பி 9-இல் கன்ட்ரோல்+ஆல்ட்+ஆர், பிரைமில் ஆல்ட்+ஒய் கொடுத்து ரிப்பேர். அது முடிந்ததும் டிரையல் பேலன்ஸைப் பழைய பிரின்டோடு ஒத்துப் பாருங்கள். கெட்ட வவுச்சர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்திருக்கலாம்.

பென்டிரைவில் இருப்பது டிபிகே900.001 என்ற பேக்அப் ஃபைலாக இருக்கும். அதைக் கிளிக் செய்து பயனில்லை. டாலிக்குள் போய் ‘ரீஸ்டோர்’ கொடுக்க வேண்டும், அதுவும் காலியான புது ஃபோல்டரில். டேட்டா ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் செய்தால் பழைய கணக்கு புதிய கணக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

லைசென்ஸ் இல்லாமலும் கணக்கு திறக்கும் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனி பெயர் இருக்கும் இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் அது டாலிவால்ட் பூட்டு. பெயர் தெரிந்து, பிறகு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் அது வேறு, சாதாரணப் பூட்டு. வால்ட் போட்டால் டேட்டாவே சங்கேதமாக மாறிவிடும். பாஸ்வேர்டு மறந்தால் டாலி நிறுவனத்தாலும் திறக்க முடியாது. ‘உடைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், டேட்டாவும் கொடுக்காதீர்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு நடுவில் வால்ட் போட்டிருந்தால், ஈஆர்பி 9 வேறு எண்ணில் புதுக் கம்பெனியை உருவாக்கிப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். யாரும் அழிக்காமலிருந்தால், பூட்டுப் போட்ட நாள்வரையிலான கணக்கு பக்கத்து ஃபோல்டரிலேயே திறந்து கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள். பழைய கணக்குப்பிள்ளையிடம் பாஸ்வேர்டு கேட்டுக் கெஞ்சுவது அப்புறம்.

நோட்டீஸுக்கு வருவோம். கம்ப்யூட்டர் கெட்டது என்ற பதிலை அதிகாரி ஏற்கமாட்டார். ஜிஎஸ்டி விதி 57 பேக்அப் வைத்திருப்பதை உங்கள் பொறுப்பு என்கிறது. நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னும், நெசவுக்குப் பாவு நூல் கொடுத்தவர் காட்டிய எண்ணும் போர்ட்டலிலேயே இருக்கும்போது, அதே விவரத்தை உங்களிடம் மறுபடி கேட்கிறார்கள். ஏனென்று கேட்டால் பதில் கிடையாது. எரிச்சலை ஓரம் வைத்துவிட்டு, இன்றே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 3பி (சுருக்க ரிட்டர்ன்), 2பி (வாங்கியதற்கான வரி வரவு) மூன்றையும் போர்ட்டலிலிருந்து இறக்கி, பேங்க் ஸ்டேட்மென்டோடு வைத்தால், டாலி திறக்காவிட்டாலும் பதில் எழுதுமளவுக்குக் கணக்கு தேறும்.

புது மிஷின் வாங்கும்போது பழைய டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். 2021-22க்கு அது 2028 டிசம்பர் 31 வரை. வழக்கு நீண்டால், அது முடிந்து ஓராண்டு வரை பீரோவிலேயே இருக்கட்டும்.