ஷகிரா பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

லத்தீன் பாப், அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளின் பாப் இசை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி பாடகி ஷகிராவைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிடுகிறேன்.

அக்கா, ஷகிரா என்பது அரபுப் பெயர் மாதிரி இருக்கிறதே? அவர் ஸ்பெயின்காரர் இல்லையா?

இல்லை, கொலம்பியா. கரீபியன் கடலோரத்தில் உள்ள பாரன்கீயா என்ற துறைமுக நகரத்தில் 1977 பிப்ரவரி 2 அன்று பிறந்தவர். பெயர் அரபுதான், ‘நன்றியுள்ளவள்’ என்று பொருள். அப்பா வில்லியம் மெபாரக் லெபனான் வம்சாவளி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே லெபனான், சிரியாவிலிருந்து நிறையப் பேர் அந்தக் கடற்கரையில் குடியேறினார்கள். துருக்கியின் உதுமானியப் பேரரசு கொடுத்த பத்திரங்களோடு வந்ததால் உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் ‘துருக்கர்’ என்றே கூப்பிட்டார்கள். ஷகிராவுக்கு நாலு வயதிருக்கும்போது, அப்பா கூட்டிப்போன ஒரு லெபனான் உணவகத்தில் தர்புகா மேளம் அடித்தார்களாம். குழந்தை மேசை மேல் ஏறி ஆடிவிட்டது.

எப்போது பார்த்தாலும் இடுப்பாட்டம்தான். பாட்டெல்லாம் யாரோ எழுதிக் கொடுப்பதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஷகிரா முதலில் எழுதுகிறவர், ஆட்டமெல்லாம் அப்புறம்தான். அப்பா தட்டச்சு இயந்திரத்தில் எழுதுவதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து, ஏழு வயதில் வாங்கிக்கொண்டார். எட்டு வயதில் முதல் பாட்டு. அது அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பற்றியது. அப்பாவின் முந்தைய மணத்தில் பிறந்த மகன் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அழுத கண்ணை மறைக்க அப்பா பல ஆண்டுகள் அந்தக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. எட்டு வயதுக் குழந்தை அதைக் கவனித்துப் பாட்டாக்கியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பள்ளிப் பருவத்தில் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை. குரல் ஆடு கத்துவது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு இரண்டு நொடியில் ‘இது ஷகிரா’ என்று நாம் கண்டுபிடிப்பது அந்த நடுக்கத்தை வைத்துத்தான்.

முதல் ஆல்பமே ஹிட்டா?

எங்கே! 13 வயதில் சோனி நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1991, 1993 என்று இரண்டு ஆல்பம், இரண்டுமே போணியாகவில்லை. நடுவில் ஒரு டி.வி. சீரியலில்கூட நடித்தார். 1995இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் அவர் கேட்டபடி வேலை நடந்தது. ‘பியேஸ் தெஸ்கால்ஸோஸ்’, அதாவது வெறுங்கால்கள். லட்சக்கணக்கில் விற்றது.

அடுத்ததற்கு எழுதி வைத்திருந்த வரிகளெல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. பொகோட்டா விமான நிலையத்தில் பெட்டி திருடுபோனது. திரும்ப முதலிலிருந்து எழுதி 1998இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர்: ‘திருடர்கள் எங்கே?’ என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் இதுதான். அடுத்த ஆண்டே கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், நோபல் வாங்கியவர், அவரைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்ததும் தரம் போய்விட்டது என்கிறார்களே, சார்?

(சார் இல்லை, அக்கா.) 2001இல் ‘லாண்டரி சர்வீஸ்’ என்ற ஆங்கில ஆல்பம் வந்தபோது அவருடைய ஆங்கிலத்தைக் கிண்டல் செய்தவர்கள் பலர். ‘வென்எவர், வேர்எவர்’ பாட்டில், நல்லவேளை என் மார்பு சிறியது, மலையென்று நீ குழம்பமாட்டாய் என்கிற மாதிரி ஒரு வரி. மொழி தெரியாமல் உளறுகிறார் என்றார்கள். ஆனால் அதே பாட்டின் ஸ்பானிஷ் வடிவமான ‘சுவெர்த்தே’யைக் கேளுங்கள், அங்கேயும் அதே வரி இருக்கிறது. அது தெரியாமல் எழுதியதல்ல, அவருடைய குறும்பு. அகராதியும் விட்மன் கவிதையும் பாடகர் லியனார்ட் கோஹனின் பாட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தவர் அவர். ஊக்கம் கொடுத்தது கியூபாவில் பிறந்த அமெரிக்கப் பாடகி குளோரியா எஸ்டெஃபான்.

‘வக்கா வக்கா’ திருட்டுப் பாட்டா?

பல்லவி அவருடையது அல்ல. கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் வெளியிட்ட ‘ஸங்கலேவா’விலிருந்து வந்தது. வயிற்றிலும் பின்புறத்திலும் தலையணை திணித்துக்கொண்டு, தொப்பை போட்ட ராணுவ வீரர்களாக அவர்கள் வேஷம் கட்டி ஆடுவார்கள். வீடியோ கிடைத்தால் விடாதீர்கள். 2010 கால்பந்து உலகக் கோப்பைப் பாட்டாக ‘வக்கா வக்கா’ அறிவிக்கப்பட்டபோது அவர்கள் பெயர் இல்லை, சர்ச்சை வெடித்தது, பிறகு உடன்பாடு ஏற்பட்டது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

2020 சூப்பர் போலில், அந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில், கேமரா முன்னால் நாக்கை ஆட்டினாரே, அது என்ன?

குலவை! அரபு வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் போடுவது. நம் ஊர்க் கோயிலில் கேட்டதில்லையா? அன்று அவருக்கு 43ஆவது பிறந்த நாள் வேறு.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

2007இல் மும்பையில் கச்சேரி செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் நடந்த எம்டிவி விருது விழாவில் தன் ‘ஹிப்ஸ் டோன்ட் லை’ பாட்டுக்கு இந்திய பாணியில் ஆடினார். நடனம் அமைத்தவர் ஃபரா கான்.

வரி ஏய்ப்பு வழக்கு என்ன ஆனது?

ஸ்பெயினில் ஒரு வருடத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் அங்கே வரி கட்ட வேண்டும். 2012 முதல் 2014 வரை அப்படி இருந்தும் 1.45 கோடி யூரோ கட்டவில்லை என்று வழக்கு. குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், 2023 நவம்பரில் பார்சிலோனாவில் விசாரணை தொடங்கிய அன்றே ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அபராதம் 70 லட்சம் யூரோவுக்கு மேல். ரசிகை என்பதற்காக இதைப் பூசி மெழுக மாட்டேன்.

பிரிந்துபோன பிக்கேயைத் திட்டிய பாட்டு மலிவான விளம்பரம்தானே?

துணைவராக இருந்த ஸ்பெயின் கால்பந்து வீரர் பிக்கேவை விட்டுப் பிரிந்தது 2022இல். 2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இசைத் தயாரிப்பாளர் பிசாராப்போடு சேர்ந்து அந்தப் பாட்டு வந்தது. ஃபெராரி காரைக் கொடுத்துச் சின்னக் காரான ட்விங்கோவை வாங்கிக்கொண்டாய், ரோலெக்ஸ் கடிகாரத்தைக் கொடுத்து கேசியோவை வாங்கிக்கொண்டாய் என்று ஏசினார். சண்டைக் கோபத்தைக் காரும் கடிகாரமுமாக மாற்றத் தெரிந்தவரை மலிவு என்று எப்படிச் சொல்வது? லத்தீன் இசைக்கான கிராமி விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த பாட்டு விருதும் அதற்கே. பிக்கே ட்விங்கோவில் வந்து இறங்கிக் காட்டியது தனிக் காமெடி.

ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்க?

1999இல் நியூயார்க்கில் பதிவான எம்டிவி அன்பிளக்ட் மேடைக் கச்சேரி ஆல்பம். அதில் ‘ஓஹோஸ் அஸீ’. ஸ்பானிஷில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு நடுவில் அரபுக்கு மாறும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், அந்த ஆட்டுக் குரல் நடுங்கும் இடம் அங்கே தெளிவாகக் கேட்கும்.