வயது 22, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம், வீடு தண்டையார்பேட்டை. செகண்ட் ஹேண்டில் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், அபார்த் புன்டோ மூன்றில் எதை வாங்கலாம்?

பலேனோ ஆர்எஸ். இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடியுமென்றால் 2020 முதல் வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல் போலோ. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் (இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக்) போட்ட பழைய ஜிடி டிஎஸ்ஐ வேண்டுமென்றால், வண்டி விலை போக லட்சத்துக்கு மேல் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். அபார்த்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் குதிரைத்திறன் இல்லை, உங்கள் ஏரியா. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்று நின்று ஊர்வதுதான் உங்கள் தினசரி ஓட்டமாக இருக்கப்போகிறது. 2013இல் வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 105 குதிரைத்திறன் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 7 கியர் டிஎஸ்ஜி. அதில் இருப்பவை டிரை கிளட்ச்கள், ஆயிலில் மூழ்கி ஓடாதவை. பிரேக்கை லேசாக விட்டு இரண்டடி, மறுபடி இரண்டடி என்று நகர்த்தும்போதெல்லாம் கம்ப்யூட்டர் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து விடுகிறது. சூடு ஏறும், பிளேட் தேயும், முதல் கியரில் வண்டி நடுங்கும். இதைவிடப் பெரிய செலவு மெக்கட்ரானிக்ஸ். கிளட்சையும் கியரையும் இயக்கும் ஆயில் அழுத்தமும் சர்க்யூட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அது போனால் கியர் காட்டும் எழுத்து மினுக்கும், ஒற்றைப்படை கியர்களோ இரட்டைப்படை கியர்களோ மொத்தமாகக் காணாமல் போகும். முழு யூனிட்டை மாற்றினால் பில் லட்சத்தைத் தாண்டும்.

ஆகவே டிஎஸ்ஜி வண்டியைக் காலையில் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இன்ஜினைப் பார்க்க வண்டி ஜில்லென்று இருக்க வேண்டும், கியர்பாக்ஸைப் பார்க்க நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, ஏதாவது அடித்தள பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். நடுக்கமோ ‘டக்’கென்ற உதறலோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அபார்த் அருமையான வண்டிதான். 2015இல் வந்தபோது 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் இழுவிசையோடு அந்த விலைக்கு இங்கே போட்டியே இல்லை. ஆனால் கிரவுண்ட் கிளியரன்ஸ் 155 மில்லிமீட்டர், நம் தெரு ஸ்பீட் பிரேக்கர்களில் அடி உரசும். ஃபியட் இந்தியாவில் விற்பனையை நிறுத்தி வருடங்களாகின்றன. அபார்த்தின் டி-ஜெட் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டே போய்விடும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவருக்கு இது சரிப்படும்.

பலேனோ ஆர்எஸ் 2017 மார்ச்சில் வந்தது, 2020இல் பிஎஸ்6 புகை விதியோடு போய்விட்டது. 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, சுமார் 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர், 5 கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கதவு, பம்பர், லோயர் ஆர்ம் போன்றவற்றில் பெரும்பாலானவை சாதாரண பலேனோவினுடையவை என்பதால் எங்கும் கிடைக்கும். டர்போ சார்ந்த பாகங்களுக்குத்தான் காத்திருக்க வேண்டிவரும். குறையையும் சொல்லிவிடுகிறேன்: ஜிடி டிஎஸ்ஐயில் வண்டி வழுக்கினால் தானாகவே கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி உண்டு, இதில் கிடையாது. மழையில் இரண்டாம் கியரில் மிதித்தால் முன்சக்கரம் வழுக்குவதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

இந்த வண்டிக்கென்றே ஒரு சோதனை. பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் முதல் தேதி வரை தயாரான 7,213 ஆர்எஸ் வண்டிகளை மாருதி 2023இல் திரும்ப அழைத்தது. கிட்டத்தட்ட விற்ற எல்லாமே இதில் அடங்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று ஷோரூமில் கேளுங்கள். நீங்களே பார்க்க: இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் கல்லாகும். அதை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே போகாதீர்கள்.

இனி எந்த வண்டியானாலும் வட சென்னையில் பார்க்க வேண்டியது உப்பும் வெள்ளமும். காசிமேடு, எர்ணாவூர் பக்கம் கடலோரம் நின்ற வண்டியில் மேல் பெயின்ட் பளபளக்கும், துரு கீழே உட்கார்ந்திருக்கும். லிஃப்டில் ஏற்றி, பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப், சைலன்சர் தொங்கும் கம்பி, கதவின் அடிமடிப்பு, டிக்கிக் கதவின் கீழ் ஓரம் இவற்றைப் பாருங்கள். முன் கிரில் வழியாக டார்ச் அடித்தால் ஏசி கண்டன்சர் தெரியும். அதன் மெல்லிய தகடுகள் விரல் பட்டதும் உதிர்ந்தால் ஏசி வேலை காத்திருக்கிறது. சாக் அப்சார்பர் உட்காரும் இடத்திலோ சப் ஃபிரேமிலோ துரு பொத்தல் போட்டிருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். மேலோட்டமான துரு விலையைக் குறைக்க உதவும், அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு முதலில் ஆர்.சி.யில் உள்ள முகவரியைப் பாருங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, மணலி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலன்று வண்டி எங்கே நின்றது என்று நேராகவே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. ஸ்டெப்னிக் குழியில் வண்டல், சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, டேஷ்போர்டுக்குக் கீழ் கனெக்டர்களில் பச்சை ஆகியவையும் பொய் சொல்லாது. அந்தப் புயலில் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி, கூழாகும். அந்தப் பக்கத்து வண்டி என்றால் சஸ்பென்ஷன் புஷ், கதவு ரப்பர், ஆக்சில் பூட் எல்லாவற்றையும் அமுக்கிப் பாருங்கள்.

ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிழைக் குறியீடு இல்லை என்று அது காட்டுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது, விற்பவரே காலையில் அழித்திருப்பார். ‘குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்’ என்ற எண்ணைப் பாருங்கள். 60,000 கிலோமீட்டர் வண்டியில் அது 9 கிலோமீட்டர் காட்டினால் எதையோ மறைக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

கிளட்சுக்கு: நாற்பதில் போகும்போது நான்காம் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி, வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போவுக்கு: இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லி முறுக்குங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, காரணம் டர்போ சீலாகவோ வால்வு சீலாகவோ இருக்கலாம்.

‘ஸ்டேஜ் 1 போட்டிருக்கு, சும்மா பறக்கும்’ என்று விளம்பரத்தில் இருந்தால் அதை எச்சரிக்கையாகவே படியுங்கள். ஸ்டேஜ் 1 என்பது ரீமேப், அதாவது பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது. அப்படிச் செய்த வண்டியின் கிளட்சும் கியர்பாக்ஸும் கம்பெனி கணக்குப் போடாத சுமையை ஏற்கெனவே சுமந்தவை. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாத மாற்றம் இருந்தால் கிளெய்ம் சிக்கலாகும். ஸ்டாக்காக, அதாவது கம்பெனி கொடுத்தபடியே இருப்பதையே தேடுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, இளம் வயது என்றால் இன்சூரன்ஸ் எகிறும் என்று பயப்பட வேண்டாம். இங்கே மூன்றாம் நபர் பிரீமியத்தை இன்ஜின் அளவுதான் தீர்மானிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416. ஆர்எஸ்ஸின் 998 சிசி இங்கேயும் கைகொடுக்கிறது. பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரே ஓனர் ஐந்தாறு வருடம் முழு இன்சூரன்ஸோடு வைத்திருந்தும் அது பூஜ்யமாக இருந்தால், போன வருடம் கிளெய்ம் போயிருக்கிறது அல்லது இடையில் பாலிசி காலாவதியாகியிருக்கிறது. எதுவென்று கேளுங்கள். அந்தப் போனஸ் விற்பவருக்கே உரியது, வண்டியோடு வராது.

அரசின் பரிவாகன் தளத்தில் நிலுவை செலானையும் ஹைப்போதிகேஷனையும் (வண்டி மேல் உள்ள கடன் பதிவு) பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கையில் வந்த பிறகு மீதிப் பணம். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வண்டிக்கான சேதத்துக்கு கிளெய்ம் கேட்க முடியாமல் போகலாம்.

வாங்கியதும் முதல் செலவு இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், டயர். டயர் ஓரத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 1819 என்றால் 2019இன் 18வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயரை நான்கையும் மாற்றிவிட்டு, அதன் பிறகு எண்ணூர் சாலையில் மிதித்துப் பாருங்கள்.