இண்டக்‌ஷன் அடுப்பின் காந்தப்புலத்துக்கு வரம்பு உண்டா?

உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, இந்த அடுப்புகள் இயங்கும் அலைவரிசையில் பொதுமக்களுக்கான வரம்பு 6.25 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பூமியின் காந்தப்புலமே 25-க்கு மேல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது அசையாமல் நிற்பது. அடுப்பின் புலமோ நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறி, உடம்புக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுவது. இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நரம்பைத் தொந்தரவு செய்யும் மின்னோட்டம் எவ்வளவு என்று பார்த்து, அதில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி 2010-ல் பொதுமக்களுக்கான தன் வரம்பை 27 மைக்ரோ டெஸ்லாவாகத் தளர்த்தியது.

ஆனால் சோதனைக்கூடத்தில் அடுப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்துத்தான் அளக்கிறார்கள். வயிறு மேடையில் இடிக்க நின்று தோசை சுடுபவருக்கு அந்த இடைவெளி ஏது? அதனால் ஓரடி தள்ளி நில்லுங்கள். பெரிய வட்டத்தில் சின்ன டபராவை வைத்துப் பால் காய்ச்சாதீர்கள். பாத்திரம் மூடாத இடத்தில் புலம் கூடுதலாக வெளியே கசியும். கோணலாக வைத்தாலும் அப்படித்தான். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் முதலில் இதய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். இந்த வரம்புகள் அந்தக் கருவியை மனதில் வைத்துப் போட்டவை அல்ல.